தேர்தல் விளம்பரங்கள், ஊடகக் கருத்துரைகள் மீது எழும் நிறவெறிக் குற்றச்சாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் தேர்தல் நெருங்கும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு விளம்பரமோ, தொலைக்காட்சி விவாதத்தில் யாரோ உதிர்த்த ஒரு சொல்லோ நிறவெறி கொண்டது என்ற குற்றச்சாட்டுக்கு உள்ளாகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் மறுக்கிறார். குற்றம் சாட்டியவர்தான் இனத்தை அரசியலாக்குகிறார் என்று அவர் பக்கத்தினர் திருப்பிச் சொல்கிறார்கள். அதற்குள் அடுத்த சர்ச்சை வந்துவிடுவதால், அந்த விளம்பரத்தில் உண்மையில் என்ன இருந்தது என்று யாரும் பொறுமையாகப் பார்ப்பதில்லை. ஒருவருடைய மனதுக்குள் என்ன இருந்தது என்று துருவுவதைவிட, அவர் மக்கள் முன் வைத்த படமும் குரலும் சொல்லும் என்ன வேலை செய்தன என்று ஆராய்வதே பயன்தரும் என்ற நிலைப்பாட்டிலிருந்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

இனத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாத விளம்பரத்தை நிறவெறி விளம்பரம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்தக் கேள்விக்கு 1988ஆம் ஆண்டு அதிபர் தேர்தலைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ்ஷும், மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த ஜனநாயகக் கட்சியின் மைக்கேல் டுகாகிஸும் போட்டியிட்ட அந்தத் தேர்தலில், புஷ்ஷை ஆதரித்த ஒரு வெளி அமைப்பு செப்டம்பர் மாதத்தில் 30 விநாடி விளம்பரம் ஒன்றை வெளியிட்டது. முதலில் இரு வேட்பாளர்களின் படங்களும் அருகருகே தோன்றுகின்றன. புஷ் கொலைகாரர்களுக்கு மரண தண்டனையை ஆதரிக்கிறார் என்றும், டுகாகிஸ் அதை எதிர்ப்பதோடு நிற்காமல் கொலைகாரர்களைச் சிறையிலிருந்து வார இறுதி விடுப்பில் வெளியே அனுப்பினார் என்றும் நிதானமான ஆண் குரல் ஒன்று சொல்கிறது. அடுத்து, கைதானபோது போலீஸ் எடுத்த ஒரு கறுப்பினத்தவரின் கறுப்பு வெள்ளைப் படம் திரையில் வருகிறது. அவர் பெயர் வில்லி ஹார்ட்டன் என்று குரல் அறிவிக்கிறது. அவர் ஓர் இளம் ஜோடியைக் கடத்தி, ஆணைக் கத்தியால் குத்தி, பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தார் என்று சொல்லப்படும்போது, அந்தக் குற்றங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் எழுகின்றன. முடிவில் டுகாகிஸின் படம் திரும்ப வருகிறது.

கறுப்பர், வெள்ளையர் என்ற சொற்கள் எங்கும் இல்லை. அவற்றுக்குத் தேவையும் இருக்கவில்லை. கறுப்பின ஆண்களால் வெள்ளையினப் பெண்களுக்கு ஆபத்து என்ற பழைய அச்சம் அந்த நாட்டில் எத்தனையோ கும்பல் கொலைகளுக்குச் சாக்காக இருந்தது. அந்த அச்சத்தைத் தட்டி எழுப்ப ஒரு முகமும் ஒரு குற்றத்தின் பெயரும் போதும். சொல்லப்படாததைப் பார்வையாளரே நிரப்பிக்கொள்ளும்படி விட்டுவிடுவதுதான் இவ்வகை விளம்பரங்களின் வேலைமுறை.

ஆனால் ஹார்ட்டன் அந்தக் குற்றங்களைச் செய்தது உண்மைதானே? உண்மையைச் சொல்வது எப்படித் தவறாகும்?

உண்மைதான். 1974ஆம் ஆண்டுக் கொலை ஒன்றுக்காக ஆயுள் தண்டனை அனுபவித்துவந்த அவர், 1986இல் விடுப்பில் சென்று திரும்பவில்லை. அடுத்த ஆண்டு மேரிலாந்து மாநிலத்தில் அந்தக் கொடுமையைச் செய்தார். பாதிக்கப்பட்டவர்களின் துயரத்தைச் சிறிதாக்கும் எந்த வாதமும் நேர்மையானதாக இராது. டுகாகிஸின் பொறுப்பைக் கேட்பதிலும் தவறில்லை. முதல்நிலைக் கொலைக் குற்றவாளிகளுக்கு விடுப்பைத் தடைசெய்ய 1976இல் வந்த மசோதாவை அவர் நிராகரித்திருந்தார்.

அதே உண்மையை எத்தனை விதமாகச் சொல்லியிருக்கலாம் என்பதையும் பார்க்க வேண்டும். 1988 ஏப்ரலில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சிப் போட்டியில் இந்த விடுப்புத் திட்டத்தை முதலில் கிளப்பியவர் அல் கோர். அவர் ஹார்ட்டனின் பெயரைச் சொல்லவில்லை, படத்தையும் காட்டவில்லை. கேள்வி கொள்கையைப் பற்றியதாகவே நின்றது. மாறாக, விளம்பரம் ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்தது. அத்திட்டத்தை 1972இல் தொடங்கியவர் குடியரசுக் கட்சி ஆளுநர் பிரான்சிஸ் சார்ஜன்ட் என்பதையும், பல மாநிலங்களிலும் மத்திய அரசின் சிறைகளிலும் விடுப்புத் திட்டங்கள் இருந்தன என்பதையும் விட்டுவிட்டது. தனித்தனியாக உண்மையான வாக்கியங்களை அடுக்கி ஒரு பொய்யான தோற்றத்தைக் கட்ட முடியும் என்பதற்கு இது பாடநூல் உதாரணம். ஒரு விளம்பரத்தை ஆராயும்போது சொன்னது சரியா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், எது தேர்ந்தெடுக்கப்பட்டது, எது விடப்பட்டது என்றும் கேட்பது அதனால்தான் அவசியமாகிறது.

விளம்பரம் செய்தவருக்கு அப்படி ஒரு நோக்கமே இல்லாதிருந்தால்?

நோக்கத்தை நிரூபிப்பது அரிது. எப்போதாவது அது தானாகவே வெளியே வரும். புஷ்ஷின் பிரசாரத்தை நடத்திய லீ அட்வாட்டர், 1981இல் ஓர் அரசியல் அறிவியலாளருக்கு அளித்த நேர்காணலில், தென் மாநிலங்களில் இந்த உத்தி எப்படி மாறிவந்தது என்பதை வெளிப்படையாக விளக்கினார். 1954இல் கறுப்பினத்தவரை இழிசொல்லால் நேரடியாகவே தாக்க முடிந்தது. 1968க்குள் அது வாக்குகளைக் கெடுக்கத் தொடங்கியதால் மாநில உரிமைகள், பள்ளிகளில் இனக்கலப்புக்கான கட்டாயப் பேருந்துத் திட்டம் போன்றவற்றைப் பேச வேண்டியதாயிற்று. பிறகு வரிக்குறைப்பு போன்ற இன்னும் அருவமான விஷயங்களுக்குப் போனார்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அதன் ஒலிப்பதிவு 2012இல் முழுமையாக வெளியானது. அட்வாட்டர் 1991இல் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, ஹார்ட்டனை டுகாகிஸின் துணை வேட்பாளர் போல ஆக்கிக் காட்டுவேன் என்று தாம் பேசியதற்கு வருத்தம் தெரிவித்தார்; ஆனால் தாம் நிறவெறியர் அல்ல என்றும் அதே மூச்சில் சொன்னார்.

அவர் சொன்னதை நம்பினாலும் நம்பாவிட்டாலும், 1988இல் அந்த விளம்பரத்தைப் பார்த்தவர் மனதில் நிகழ்ந்தது மாறப்போவதில்லை. ஆகவே நோக்கம் தெரியாதபோது, ‘இவர் நிறவெறியர்’ என்று ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதைத் தவிர்த்துவிட்டு, ‘இந்த விளம்பரம் நிறவெறியைப் பயன்படுத்துகிறது’ என்று பொருளைப் பற்றிப் பேசுவதே சரி. முன்னதை மறுக்க ஒருவர் தம் நண்பர்களைச் சாட்சிக்கு அழைத்தால் போதும். பின்னதை மறுக்க அவர் விளம்பரத்தை எடுத்துவைத்துப் பேசியாக வேண்டும்.

இட ஒதுக்கீடு, குடியேற்றம், குற்றம் ஆகியவற்றைப் பற்றிப் பேசவே கூடாதா?

பேசலாம்; பேச வேண்டும். இவை வாக்காளர்கள் முடிவெடுக்க வேண்டிய கொள்கை விஷயங்கள். எங்கே கோடு தாண்டப்படுகிறது என்பதற்கு 1990இல் வடக்கு கரோலினாவில் வெளியான ஒரு விளம்பரத்தைப் பார்க்கலாம். செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸை எதிர்த்து நின்றவர் ஹார்வி கேன்ட், சார்லட் நகரின் முன்னாள் மேயர், கறுப்பினத்தவர். தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கும்போது வந்த அந்த விளம்பரத்தின் முக்கியக் காட்சியில் முகம் எதுவும் இல்லை; வெள்ளைத் தோல் கொண்ட இரண்டு ஆண் கைகள் மட்டுமே தெரிகின்றன. அவை ஒரு கடிதத்தைப் பிடித்திருக்கின்றன. உனக்கு அந்த வேலை தேவைப்பட்டது, தகுதியும் உனக்கே அதிகம், ஆனால் இன ஒதுக்கீட்டுக்காகச் சிறுபான்மையினர் ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள் என்று குரல் சொல்ல, கைகள் கடிதத்தைக் கசக்குகின்றன.

அந்த ஆண்டு நாடாளுமன்றத்தின் முன் வந்த சிவில் உரிமை மசோதாவை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்பது நியாயமான விவாதம். அம்மசோதா ஒதுக்கீட்டை விதிக்கவில்லை என்று அதன் ஆதரவாளர்களும், நடைமுறையில் அங்குதான் கொண்டுபோய் விடும் என்று எதிர்ப்பாளர்களும் வாதிட்டார்கள். விளம்பரமோ அதை இன ஒதுக்கீட்டுச் சட்டம் என்று முத்திரை குத்தியதோடு சரி, அந்த வாதத்துக்குள் நுழையவே இல்லை. உன் பிழைப்பை ஒரு கறுப்பினத்தவர் பறித்தார், இதோ இன்னொரு கறுப்பினத்தவர் உன் வாக்கைக் கேட்கிறார் என்ற உணர்வை மட்டும் அது விதைத்தது. ஹெல்ம்ஸ் வென்றார். கொள்கையை எதிர்க்கும் விளம்பரத்தில் அக்கொள்கையின் உண்மையான உள்ளடக்கமாவது, விளைவாவது இருக்கும். எதிராளியின் தோல் நிறத்தை எடுத்துவிட்டால் பொருளற்றுப் போகும் விளம்பரத்தில் கொள்கை வெறும் சாக்கு.

வேட்பாளரே விளம்பரத்தைக் கண்டித்துவிட்டால் அவர் பொறுப்பு தீர்ந்ததா?

2006இல் டென்னசி மாநிலத்தில் இதுதான் நடந்தது. கறுப்பின வேட்பாளர் ஹெரால்ட் ஃபோர்டுக்கு எதிராகக் குடியரசுக் கட்சியின் தேசியக் குழு பணம் கொடுத்து வெளியிட்ட விளம்பரத்தில், தோள்கள் ஆடையின்றித் தெரியும் ஒரு வெள்ளையினப் பெண், ஃபோர்டை பிளேபாய் விருந்தில் சந்தித்ததாகச் சொல்கிறார். கடைசியில் கண்ணடித்து, தன்னைக் கூப்பிடும்படி ஃபோர்டிடம் கிசுகிசுக்கிறார். எதிர் வேட்பாளர் பாப் கார்க்கர் அதை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டார். கட்சித் தலைமையோ, சட்டப்படி அது சுயேச்சையான செலவினம், தயாரிப்பில் தாங்கள் தலையிட முடியாது என்றது. கார்க்கர் சிறு வித்தியாசத்தில் வென்றார்.

2002இல் வந்த சட்டத்தின்படி, வேட்பாளர் தம் விளம்பரத்தில் ‘இந்தச் செய்திக்கு நான் ஒப்புதல் அளிக்கிறேன்’ என்று சொல்லியாக வேண்டும். வெளி அமைப்புகள் தரும் விளம்பரங்களில் அப்படி வேட்பாளரின் முகமும் குரலும் இல்லை. மிக மோசமான தாக்குதல்கள் அந்த இடைவெளி வழியாகவே வருகின்றன. கார்க்கரின் கண்டனம் மனமாரச் சொன்னதாகவே இருக்கலாம். ஆனாலும் பலன் அவருக்குச் சேர்ந்தது, பழி யாருக்கும் சேரவில்லை என்ற ஏற்பாடு ஜனநாயகத்துக்கு நல்லதல்ல.

இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தொலைக்காட்சிகள் ஏன் மறுப்பதில்லை?

பல நேரங்களில் அவற்றால் மறுக்க முடியாது. 1934ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவு, ஒளிபரப்பு நிலையங்கள் வேட்பாளர்களின் விளம்பரங்களைத் தணிக்கை செய்வதைத் தடுக்கிறது. 1972இல் ஜார்ஜியாவில் செனட் பதவிக்கு நின்ற ஜே. பி. ஸ்டோனர் என்ற வெளிப்படையான வெள்ளை இனவெறியர், கறுப்பினத்தவரை இழிசொல்லால் குறிப்பிடும் விளம்பரங்களை ஒளிபரப்பினார். நிறுத்தும்படி முறையிட்டபோது, உடனடி வன்முறைக்கு வழிவகுக்காதவரை தலையிட முடியாது என்று கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் கைவிரித்துவிட்டது. வேட்பாளரின் பேச்சை நிலைய முதலாளி வெட்டக்கூடாது என்ற காப்பு இல்லாவிட்டால், அதே தென் மாநிலங்களில் கறுப்பின வேட்பாளர்களின் குரலைத்தான் முதலில் வெட்டியிருப்பார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

வெளி அமைப்புகளின் விளம்பரங்களை நிலையங்கள் மறுக்கலாம். சிஎன்என் போன்ற கேபிள் செய்தி அலைவரிசைகளுக்கும் அந்தத் தடை பொருந்துவதில்லை. 2018 நவம்பரில், இரு காவல் அதிகாரிகளைக் கொன்ற மெக்சிகோ நாட்டவர் ஒருவரைக் காட்டி, அமெரிக்க எல்லையை நோக்கி வந்துகொண்டிருந்த குடியேறிகள் கூட்டத்தோடு அவரை இணைத்து, டொனால்டு டிரம்ப்பின் பிரசாரக் குழு ஒரு விளம்பரம் வெளியிட்டது. அது நிறவெறி கொண்டது என்று சொல்லி சிஎன்என் ஏற்க மறுத்தது. என்பிசி ஒளிபரப்பிய பிறகு விலக்கிக்கொண்டது. ஃபாக்ஸ் நியூஸும் ஃபேஸ்புக்கும்கூட விலக்கின.

குற்றம் சாட்டுவதால் ஏதாவது பலன் உண்டா? அந்த விளம்பரத்துக்கே கூடுதல் விளம்பரம் கிடைத்துவிடாதா?

இரண்டும் நடக்கும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தாலி மெண்டல்பர்க் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மறைமுகமான இனச் செய்தி மறைந்திருக்கும்வரைதான் வலுவோடு வேலை செய்கிறது என்றும், 1988 அக்டோபரில் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் போன்றவர்கள் அதை நிறவெறி என்று பெயர் சொல்லி அழைத்த பிறகு ஹார்ட்டன் விளம்பரத்தின் தாக்கம் தணிந்தது என்றும் வாதிட்டார். தம்மை நியாயவான்களாகக் கருதும் பெரும்பாலான வெள்ளையின வாக்காளர்கள், தங்கள் அச்சம் எங்கிருந்து வருகிறது என்பது வெளிச்சத்துக்கு வந்ததும் பின்வாங்கினார்கள் என்பது அவர் விளக்கம். இந்த முடிவைப் பின்னால் வந்த சிலர் கேள்விக்குள்ளாக்கினர். நிக்கோலஸ் வாலண்டினோவும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் கவலை தருவது: வெளிப்படையான இனப் பேச்சைக் கேட்டாலும் பலர் இப்போது பின்வாங்குவதில்லை என்று அவர்கள் கண்டார்கள். வெட்கம் வேலை செய்த காலத்தில் பெயர் சொல்வதே மருந்தாக இருந்தது. வெட்கம் குறைந்துவிட்ட காலத்தில், என்ன தவறு என்பதையும் எடுத்து விளக்கினால்தான் குற்றச்சாட்டு நிற்கும்.

‘இனத்தைக் காட்டி அனுதாபம் தேடுகிறார்’ என்ற பதிலை எப்படிப் புரிந்துகொள்வது?

2008 ஜூலை இறுதியில் பராக் ஒபாமா, தாம் டாலர் நோட்டுகளில் உள்ள அதிபர்களைப் போலத் தோன்றவில்லை என்று சொல்லி எதிர்த்தரப்பு மக்களைப் பயமுறுத்தப் பார்க்கும் என்றார். ஜான் மெக்கெய்னின் பிரசார மேலாளர் உடனே, ஒபாமாதான் இனத்தைத் துருப்புச் சீட்டாக்குகிறார் என்று அறிக்கை விட்டார். அந்தக் கணம்வரை மெக்கெய்ன் தரப்பு அப்படிச் சொன்னதில்லை என்பதால், ஒபாமாவின் முன்கூட்டிய குற்றச்சாட்டு பலவீனமானதே. ஆனால் இந்தப் பதில் எல்லாக் குற்றச்சாட்டுக்கும் ஒரே மாதிரி பொருந்துகிறது என்பதுதான் அதன் குறை. அது எந்தப் படத்தையும் எந்தச் சொல்லையும் தொடுவதில்லை. ஆதாரத்தோடு வரும் புகாரையும் ஆதாரமில்லாத புகாரையும் அது ஒரே அடியில் தள்ளிவிடுகிறது.

தவறான, அல்லது மிகையான குற்றச்சாட்டுகளும் உண்டா?

உண்டு. அவற்றை ஒப்புக்கொள்ளாதவர்களின் நியாயமான புகார்களும் எடுபடாமல் போகின்றன. 2008இல் உட்கட்சிப் போட்டியில் ஒபாமாவை எதிர்த்து நின்ற ஹிலாரி கிளிண்டன், அதிகாலை 3 மணிக்கு வெள்ளை மாளிகையில் தொலைபேசி ஒலித்தால் யார் எடுக்க வேண்டும் என்று கேட்கும் விளம்பரம் ஒன்றை வெளியிட்டார். தூங்கும் குழந்தைகளின் காட்சியில் கறுப்பினம் என்று தெளிவாகத் தெரியும் குழந்தை இல்லை என்றும், வீட்டுக்கு வெளியே இருக்கும் ஆபத்து கறுப்பின ஆண்தான் என்ற பழைய குறிப்பு அதில் ஒளிந்திருக்கிறது என்றும் ஹார்வர்டின் சமூகவியலாளர் ஆர்லாண்டோ பேட்டர்சன் எழுதினார். அவர் மதிப்புக்குரிய அறிஞர். ஆனால் அனுபவமே கிளிண்டனின் முதன்மையான வாதமாக இருந்த போட்டியில், நெருக்கடி நேரத் தலைமையைப் பற்றிய ஒரு விளம்பரத்துக்கு வேறு எளிய விளக்கமே பொருந்துகிறது.

இதைவிடக் கொடியது 2010 ஜூலையில் நடந்தது. வேளாண் துறையின் கறுப்பின அதிகாரி ஷர்லி ஷெராட், ஒரு வெள்ளையின விவசாயிக்கு முழுமனதோடு உதவத் தயங்கியதாகப் பேசும் துண்டுக் காணொளியை வலதுசாரி வலைத்தளம் நடத்திய ஆண்ட்ரூ பிரெய்ட்பார்ட் வெளியிட்டார். ஊடகங்கள் கொதித்தன; கறுப்பின உரிமை அமைப்பான என்ஏஏசிபியே அவரைக் கண்டித்தது; அரசு அவரை ராஜினாமா செய்ய வைத்தது. முழுப் பேச்சு வெளிவந்தபோது, அந்தத் தயக்கத்தைத் தாம் எப்படிக் கடந்தார், ஏழ்மைக்கு நிறமில்லை என்பதை எப்படி உணர்ந்தார் என்பதையே அவர் சொல்லியிருந்தார் என்பது தெரிந்தது. அந்த விவசாயக் குடும்பமே அவருக்காகப் பேச முன்வந்தது. அமைச்சர் டாம் வில்சாக் மன்னிப்புக் கேட்டார். முழுப் பேச்சைக் கேட்கச் சில மணி நேரம் காத்திருந்தால் இந்த அநியாயமே நடந்திருக்காது.

ஒரு கட்சிதான் இதைச் செய்கிறதா?

1960களுக்குப் பிந்தைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை குடியரசுக் கட்சிப் பக்கத்தைச் சேர்ந்தவை. அதன் தேசியத் தலைவர் கென் மெல்மன் 2005இல் என்ஏஏசிபி மாநாட்டில், இனப் பிளவால் பயனடைய முயன்றது தவறு என்று ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய தலைமுறைகளில் தென் மாநில ஜனநாயகக் கட்சியினர் இதை ஒளிவுமறைவின்றிச் செய்தார்கள். 2000இல் என்ஏஏசிபியின் நிதியமைப்பு, டெக்சாஸில் மூன்று வெள்ளையரால் வண்டியில் கட்டி இழுத்துக் கொல்லப்பட்ட ஜேம்ஸ் பர்டின் மகளைப் பேச வைத்து ஒரு விளம்பரம் தந்தது. அப்போது டெக்சாஸ் ஆளுநராகவும் அதிபர் வேட்பாளராகவும் இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் வெறுப்புக் குற்றச் சட்டத்தை ஆதரிக்க மறுத்தபோது, தந்தை இன்னொரு முறை கொல்லப்பட்டதுபோல் இருந்தது என்றார் அந்த மகள். மகளின் வேதனை உண்மையானது. சட்டம் குறித்த கேள்வியும் நியாயமானது. ஆனால் கொலையாளிகளில் இருவருக்கு அதே மாநிலத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்ததை விளம்பரம் சொல்லவில்லை.

ஊடக வர்ணனையாளர்களுக்கு என்ன அளவுகோல்?

விளம்பரத்துக்குப் பல நாள் திட்டமிடல் உண்டு. நேரலையில் நாக்கு தவறலாம். அதற்காக ஒரு சலுகை தரலாம், முழு விலக்கு தர முடியாது. 2007 ஏப்ரலில் வானொலித் தொகுப்பாளர் டான் ஐமஸ், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியினரை அவர்களின் தலைமுடியைச் சுட்டி இழிவாகப் பேசினார். தேசிய இறுதிப் போட்டிவரை சென்று திரும்பிய மாணவிகள் அவர்கள். விளம்பரதாரர்கள் விலகியதும், எட்டாம் நாளில் சிபிஎஸ் அவரை நீக்கியது. ஆண்டு முடிவதற்குள் அவர் வேறொரு நிலையத்தில் ஒலித்துக்கொண்டிருந்தார். ஒபாமாவுக்கு வெள்ளையர்மீது ஆழ்ந்த வெறுப்பு இருப்பதாக 2009இல் பேசிய தொலைக்காட்சித் தொகுப்பாளர் கிளென் பெக்கின் நிகழ்ச்சியிலிருந்தும் பல நிறுவனங்கள் விலகின. நிகழ்ச்சி 2011வரை நீடித்தது. ஆக, நடைமுறையில் தண்டிப்பவர்கள் விளம்பரதாரர்களே. அவர்களின் கணக்கு அறத்தின் கணக்கோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை.

செய்தியாளர்கள் இவற்றை எப்படி எழுத வேண்டும்?

சுற்றி வளைக்காமல். நிறவெறி என்று சொல்வது பொருந்தும் இடத்தில் ‘இன உணர்வைத் தூண்டக்கூடிய’ என்பதுபோன்ற மழுப்பல்களைத் தவிர்க்கும்படி அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் நடைக் கையேட்டில் 2019இல் சேர்த்தது. அந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போது, எந்தக் காட்சி, எந்த வாக்கியம் என்று காட்டிவிட வேண்டும். தொலைக்காட்சிக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. விமர்சிப்பதற்காக விளம்பரத்தை முழுத்திரையில் ஓட்டினால், விமர்சனம் மறந்துபோய் விளம்பரமே நினைவில் நிற்கும் என்று அரசியல் தொடர்பியல் ஆய்வாளர் கேத்லீன் ஹால் ஜேமிசன் கண்டார். விளம்பரத்தைத் திரையின் ஒரு மூலையில் சிறு பெட்டிக்குள் சுருக்கி, அதன்மேல் திருத்தத்தை எழுத்தில் போட வேண்டும் என்பது அவர் பரிந்துரை. இன்றைய விவாத நிகழ்ச்சிகள் இதைப் பெரும்பாலும் காற்றில் பறக்கவிடுவது வருந்தத்தக்கது.

படத்தில் நிறத்தை மாற்றினார்கள் என்ற புகாரை எப்படிச் சரிபார்ப்பது?

இந்த வகைப் புகாரில்தான் வாய்ச்சண்டைக்கு இடம் குறைவு. 2008 தேர்தலின் விளம்பரங்களை ஆராய்ந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஒபாமாவைத் தாக்கும் விளம்பரங்களில் அவரது தோல் கூடுதல் கறுப்பாகத் தோன்றியதாகவும், தேர்தல் நெருங்க நெருங்க அப்படிப்பட்ட படங்கள் அதிகமானதாகவும் அளந்து காட்டினார்கள். வேண்டுமென்றே கறுப்பாக்கினார்களா, இருண்ட படங்களைத் தேர்ந்தெடுத்தார்களா என்பது தனிக் கேள்வி. இரண்டுமே பார்வையாளர் கண்ணில் ஒரே வேலையைச் செய்கின்றன. 2020 ஜூலையில் ஜார்ஜியாவின் யூத வேட்பாளர் ஜான் ஆசாஃபின் மூக்கை நீட்டிக் காட்டும் ஃபேஸ்புக் விளம்பரம் வெளியானபோது, எதிர் வேட்பாளர் டேவிட் பெர்டூவின் குழு, வெளி ஒப்பந்ததாரரின் பிழை என்று சொல்லி அதை விலக்கியது. அந்தப் படத்தின் மூல வடிவம் ஒரு செய்தி நிறுவனத்திடம் இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்தவுடன், மூக்கு நீண்டிருப்பது யார் கண்ணுக்கும் தெரிந்தது.